பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா?

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே கையெழுத்தில் ஓய்வு ஓலை அனுப்பப்பட்டது. அவை பழுதாகவில்லை, புகையவில்லை, நின்று போகவில்லை. முதல் நாள் மாலை எப்படி வேலை செய்தனவோ, அப்படியே மறுநாள் காலையும் வேலை செய்தன. ஆயினும், "விண்டோஸ் 10-க்கு இனி எம் காவல் இல்லை, புதிய விண்டோஸ் 11-க்கு மாறுக, உம் பொறி அதற்கு ஏற்றதில்லையெனில் புதுப்பொறி வாங்குக!" என்று கூறிவிட்டது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். வீட்டுக்காரர்களுக்கு மேலும் ஓராண்டுத் தவணை என்று 2026 அக்டோபரை எல்லையாக வைத்தார்கள். தூக்குத் தண்டனைக்குத் தவணை கொடுப்பதுபோல!

எத்தனை பொறிகள் இதனால் பாதிக்கப்படும்? கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குப் போட்டது. 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்றது. 24 கோடி! நோயால் அல்ல, முதுமையால் அல்ல; ஓர் அறிக்கையால்.

இது அமெரிக்காவில் நடந்த சேதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? முடியாது, தோழர்களே! ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே, மின்சார ரயில் அரை நிமிடம் நின்று செல்லும் நெமிலிச்சேரி வரை அந்தச் சேதி வந்து சேர்ந்துவிட்டது. நோட்டீஸ் அடித்துத் தரும் டி.டி.பி. கடையில், சங்க அலுவலகத்தில், பகுதிப் படிப்பகத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ரயிலில் போகும் தொழிலாளியின் வீட்டு மூலையில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதைப்பற்றித்தான் இந்தச் சேதி. "அது பழசு அண்ணே, வேலைக்கு ஆகாது, புதுசு எடுத்துக்குங்க, தவணை போட்டுத் தரேன்" என்கிறார் கடைக்காரர். 30,000 என்கிறார், 40,000 என்கிறார். பழைய பெட்டியைக் காயலாங்கடைக்காரர் எடைபோட்டு எடுத்துச் செல்கிறார். ஒரு காலத்தில் தெருவிலே கூவிக்கொண்டு வருவார்களே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று, அந்த வாணிபமேதான்! அன்று கொடுத்தது ஓட்டைத் தகரம். இன்று கொடுப்பது உயிருள்ள பொறி.

இது தகுமா என்று கேட்கிறோம். தகாது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பழசென்று தீர்மானித்தது யார்?

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தது. அதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 4 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்றார்கள். சரி, பழைய பெட்டியிலேயே அது உண்டு. 64 ஜி.பி. இடம் வேண்டும் என்றார்கள், அதுவும் உண்டு. பிறகுதான் வந்தது சூட்சுமம்! டி.பி.எம். 2.0 என்ற பூட்டுச் சில்லு வேண்டும்; இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பிறகு வந்ததாக இருக்கவேண்டும் என்றார்கள். 2016-ல் வாங்கியவன் வாசலுக்கு வெளியே. 2018-ல் வாங்கியவன் வாசலுக்கு உள்ளே!

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கூறவும் கூடாது. விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, காவல் நின்றுபோன பிறகும் அதிலே வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பதும், தாழ்ப்பாள் உடைந்த வீட்டிலே நகைப்பெட்டியைத் திறந்து வைப்பதற்குச் சமம். புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை என்பதுதான் காவல் நீங்கியதன் பொருள். ஆகவே ஆபத்து உண்மை. ஆனால் ஆபத்து எதிலே இருக்கிறது? மென்பொருளிலே! தூக்கி எறியச் சொல்வது எதை? இரும்பும் செம்பும் சில்லுமாக உள்ள பொறியை! தாழ்ப்பாள் பழுதென்றால் தாழ்ப்பாளை மாற்றுவானா, வீட்டை இடித்துத் தள்ளுவானா புத்தியுள்ளவன்?

பெரம்பூர் பட்டறை கற்றுத் தந்த பாடம்

நம் தோழர்களுக்கு இது புதிய பாடமல்ல. பெரம்பூரிலே ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பட்டறை இருக்கிறதே, அங்கே என்ன நடக்கிறது? குறிப்பிட்ட காலம் ஓடிய பெட்டி பட்டறைக்கு வருகிறது. சக்கரத்தைக் கழற்றிக் கடைகிறார்கள். பிரேக்கைச் சோதிக்கிறார்கள். தேய்ந்த உறுப்பை நீக்கி நல்ல உறுப்பைப் பூட்டுகிறார்கள். வண்ணம் தீட்டிப் பாதைக்கு அனுப்புகிறார்கள். பெட்டி பத்தாண்டு ஓடிவிட்டது, அதைக் கடலிலே தள்ளு என்று யாராவது சொன்னால், கையிலே ஸ்பானர் பிடித்திருக்கும் தொழிலாளி சிரிக்கமாட்டானா?

லாரிப் பட்டறையிலே என்ஜினை ரீபோர் செய்து மேலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுகிறோம். புதுப்பேட்டையிலே கழற்றிய உறுப்புகளை வாங்கி வந்து பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கிறோம். 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை நினைவில் வைத்திருக்கும் மூத்த தோழர்கள் கூறுவார்கள்: அங்கே வாங்கிய பழைய புத்தகத்தைப் படித்துப் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், பழைய ரேடியோ உறுப்பை வாங்கித் தொழில் கற்றவர் எத்தனை பேர் என்று! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டு மொழி. உறுப்பின் மதிப்பை அறிந்த மக்கள் நாம்.

அப்படிப்பட்ட நாம் கம்ப்யூட்டர் என்றதும் ஏன் கைகட்டி நிற்கிறோம்? டீசல் என்ஜினைப் பிரித்துப் போட்டுப் பூட்டும் கை, நாலு ஸ்குரூவைக் கழற்றத் தயங்குவானேன்? அதன்மேல் ஆங்கிலப் பெயர் எழுதியிருக்கிறது, அதுதானே காரணம்! உள்ளே திறந்து பார்த்தால் இருப்பவை ஆறே ஆறு பொருள்கள்தாம். மின்சாரம் தரும் பெட்டி, மதர்போர்டு என்ற தாய்ப்பலகை, அதன் நடுவே பிராசசர், பக்கத்திலே ரேம் என்ற நினைவகப் பட்டைகள், சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க், சூட்டைத் தணிக்கும் விசிறி. முடிந்தது மாயாஜாலம்!

இவற்றைக் கழற்றி மாற்ற முடிவதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, வேறு நிறுவனத்தார் செய்த அட்டைகளையும் செருகும்படி அதன் அமைப்பைத் திறந்து வைத்தது. மற்றவர்களும் அதேபோல் செய்யத் தொடங்கினர். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவைக் கொண்டுவந்தது. பலகையின் துளை எங்கே, மின்பெட்டியின் ஸ்குரூ எங்கே என்பதெல்லாம் பொது அளவாயின. எந்த ஊர்ப் பெட்டியிலும் எந்த ஊர்ப் பலகையும் பொருந்தும் என்ற நிலை அதனால் வந்தது. சில பெரிய நிறுவனங்கள் தமக்கென்று தனி அளவிலே மின்பெட்டி செய்து விற்பது உண்டு; வாங்குமுன் அதைக் கவனிக்க வேண்டும். மற்றபடி மேசைக் கம்ப்யூட்டர் என்பது பிரித்துப் பூட்டத்தக்க பொறி. நினைவகத்தைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடும் இக்கால மெல்லிய மடிக்கணினிகளுக்கு இல்லாத பெருமை இது.

நோய் எங்கே இருக்கிறது?

"சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் திறக்கவில்லை" என்பதுதான் பழைய பொறியின்மீது சொல்லப்படும் முதல் புகார். உடனே, பிராசசருக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை! நோய் பெரும்பாலும் பிராசசரில் இல்லை. ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

கடைசல் எந்திரத்தில் நிற்கும் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று. நொடிக்கு 120 சுற்று. ஒரு கை அந்தத் தட்டின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து எழுத்தைத் தேடுகிறது. கை உரிய இடத்துக்கு நகர வேண்டும். பிறகு தட்டு சுழன்று உரிய இடம் கைக்குக் கீழே வரவேண்டும். பாதிச் சுற்றுக்கே நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு ஆகிறது. கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு நொடியில் ஏறத்தாழ நூறு இடங்களைத்தான் அது தொட்டுப் படிக்க முடியும். பொறியைத் திறக்கும்போது படிக்க வேண்டிய துண்டுகளோ ஆயிரக்கணக்கில்! பிராசசர் என்ன செய்யும்? கச்சாப்பொருள் வராத ஷிப்டிலே கைகட்டி நிற்கும் தொழிலாளிபோல் நிற்கிறது. அவன்மேல் சோம்பேறிப் பட்டம் கட்டுகிறார்கள்!

எஸ்.எஸ்.டி. என்பதிலே தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. சில்லுக்குள் எழுதி வைத்ததை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலே எடுத்துத் தருகிறது. பழைய ஹார்ட் டிஸ்கைப் பூட்டியிருக்கும் அதே சாட்டா கேபிளிலேயே அதையும் பூட்டலாம். பழைய பலகையின் சாட்டா வாசல் கொஞ்சம் குறுகலாக, புதியதில் பாதி வேகமே உள்ளதாக இருக்கலாம், கவலையில்லை. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். நிமிடக்கணக்கில் திறந்த பொறி நொடிக்கணக்கில் திறக்கும். ஒரே ஓர் உறுப்பை மட்டும் மாற்றக் கையில் காசு இருக்கிறதென்றால், அது எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கட்டும்.

அடுத்தது ரேம். இது வேலை மேசை போன்றது. மேசை சிறியதென்றால், ஒரு தாளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மறு தாளை விரிக்க முடியும். 2 ஜி.பி., 4 ஜி.பி. என்ற சிறுமேசையை 8 ஜி.பி. ஆக்கினால் இன்றைய இணையப் பக்கங்கள் தடங்கலின்றித் திறக்கும். ஆனால் மூன்று செய்திகளை மறவாதீர். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகை உண்டு. வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது, அழுத்தினால் உடையும். 32-பிட் மென்பொருள் போட்டிருந்தால் சாதாரணமாக 4 ஜி.பி.க்கு மேல் பயன்படாது, 64-பிட் போடவேண்டும். பட்டையைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, கேபிளைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். உடம்பிலே தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கொல்லும்.

மூன்றாவது, சில ரூபாய்ப் பொருள். தாய்ப்பலகையில் காசுபோல் ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் பொறியின் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். தேதி தவறினால் வங்கி, அரசு வலைப்பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தும். இந்தச் சிறு பேட்டரிக்காகப் பொறியையே குப்பையில் போட்டவர்களும் உண்டு! அதேபோல, பிராசசர் மீதுள்ள சூடு கடத்தும் பசை காய்ந்து, விசிறியில் தூசி அடைத்திருந்தால், சூட்டுக்குப் பயந்து பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு தூரிகை, கொஞ்சம் பசை, தீர்ந்தது காய்ச்சல்.

எது பழையதாக இருக்கலாம், எது கூடாது?

பழைய உறுப்பு என்றால் எல்லாமே நல்லதென்று நாம் சொல்லவில்லை. தேயும் உறுப்பு எது, தேயாத உறுப்பு எது என்று பிரித்தறிய வேண்டும். பட்டறைக்காரனுக்கு இது கைவந்த கலை.

பிராசசரும் ரேமும் அசையும் பாகம் இல்லாதவை. முறையாகக் கழற்றி வைத்திருந்தால் பல்லாண்டு உழைக்கும். இவற்றைப் பழையதாகவே வாங்கலாம். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பலகையில் பிராசசர் உட்காரும் குழியில் 1,155 தொடுமுனைகள் உண்டு. இரண்டு கருக்கள் கொண்ட ஐ-3 இருந்த அதே குழியில், நான்கு கருக்கள் கொண்ட பழைய ஐ-5-ஐ உட்கார வைக்கலாம்; அந்தப் பலகை அதை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி, விசைப்பலகை, திரை இவையும் பழையதாக இருக்கலாம்.

மின்பெட்டி அப்படியல்ல. அதிலுள்ள கபாசிட்டர்கள் காலத்தால் காய்கின்றன, உப்புகின்றன. அது கெட்டால் மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் கொல்லும். ஆகவே மின்பெட்டியைப் புதியதாக, நல்ல தயாரிப்பாக வாங்குவதே சிக்கனம். அதை வீட்டில் பிரிக்கவும் கூடாது. கேபிளைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிர் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். எஸ்.எஸ்.டி.யும் எழுத எழுதத் தேயும் பொருள். கூடுமானால் புதிது வாங்குக. பழையதானால் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று அதற்குரிய மென்பொருளால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; காட்ட மறுத்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை எறிய வேண்டாம். நன்றாக இருந்தால் இரண்டாம் படி வைத்துக்கொள்ள உதவும்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் இவையெல்லாம் கிடைக்கும். அங்கே போகுமுன் பலகையின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போகவேண்டும். பெயர் தெரியாமல் போனவர் பேரம் பேச முடியாது.

இன்னொன்றும் கூறவேண்டும். பெண்டியம் 4 காலத்துப் பொறியை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். அது தின்னும் மின்சாரம் அதிகம். தரும் பயன் குறைவு. 2011-க்குப் பின் வந்த ஐ-3, ஐ-5 பொறிகளே பாடுபடத் தகுந்தவை. 2006 முதல் வந்த கோர்-2 டூவோ பொறி தட்டச்சுக்கும் படிப்பதற்கும் போதும்.

விலை ஏறியது யாரால்?

2025-ன் இறுதியில் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை மளமளவென்று ஏறியது. ஏன்? செயற்கை நுண்ணறிவுக்கென்று பெருமுதலாளிகள் கட்டும் மாபெரும் கணினிக் கூடங்கள் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போயின. 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த தன் குருஷியல் வாணிபத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கைக்காரர்களைக் கவனிக்க வேண்டுமாம்! பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர்க் கிணற்றையே இறைத்துக்கொண்டு போன கதை. ஊருக்குத் தண்ணீர்?

இந்த நிலையிலே, வீட்டு மூலையிலும் அலுவலகக் கிடங்கிலும் கிடக்கும் ஒவ்வொரு நினைவகப் பட்டையும் ஏழைக்குக் கிணறு. அதை எடைக்குப் போடுவது அறியாமை.

பூட்டை மாற்றுவோம்

உறுப்பு சரியாயிற்று, மென்பொருள்? விண்டோஸ்தான் வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. விலை இல்லை; காவல் உண்டு; பழைய பொறியையும் அது வாவென்று அழைக்கிறது. லினக்ஸ் மின்ட், லுபுண்டு என்று பல வடிவங்கள். நம் சென்னையிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கென்று ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் இருந்தபோது, 2007 வாக்கில் லினக்சுக்கு மாறிக் காட்டியது. அண்டை மாநிலமாம் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்கிறார்கள்.

தமிழில் எழுத முடியுமா? முடியும். 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அதிலே இருக்கிறது. கடிதம், கணக்கு, துண்டறிக்கை எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. குறையும் சொல்லிவிடுகிறோம்: கடைக் கணக்கு மென்பொருள்கள் சிலவும், அச்சகத்தார் பழகிய சில மென்பொருள்களும் விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடும். அவற்றால் பிழைப்பவர் அவசரப்பட்டு மாறவேண்டாம். படிப்பகத்துக்கும், மாணவர்க்கும், சங்க அலுவலகத்துக்கும் அந்தத் தடை இல்லை.

எறிந்த பெட்டி எங்கே போகிறது?

எடைக்குப் போட்ட பெட்டியின் இறுதிப் பயணத்தைச் சற்றே பின்தொடர்வோம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடுதான். மற்றது?

பெரும்பகுதி நம்மைப்போன்ற ஏழை மனிதனின் கைக்குத்தான் வருகிறது. டெல்லியின் சீலம்பூரில், சந்து வீடுகளில், கையுறை இல்லாமல் பலகையைச் சூடாக்கிச் சில்லைப் பெயர்க்கிறார்கள். அமிலத்தில் ஊறவைத்துத் துளித் தங்கம் எடுக்கிறார்கள். செம்புக்காகக் கம்பியை எரிக்கிறார்கள். அந்தப் புகையில் டயாக்சின் என்ற நஞ்சு. பழைய பற்றாசில் ஈயம். பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம். பழைய தட்டைத்திரையின் விளக்கில் பாதரசம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். நாம் ஆண்டுதோறும் புதுப்பொறி வாங்கும் பெருமைக்கு, யாரோ ஒரு தொழிலாளியின் குழந்தை விலை கொடுக்கிறது!

செய்யும்போது ஆகும் செலவையும் பாருங்கள். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்து மேசைக் கம்ப்யூட்டரையும் 17 அங்குலத் திரையையும் செய்ய 240 கிலோ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது என்று காட்டியது. எரிபொருள் மட்டுமே பொறியின் எடையைப்போல் பத்து மடங்கு! பூமி கொடுத்த பொருளை ஐந்தாண்டில் எறிவது ஊதாரித்தனமன்றி வேறென்ன?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. உற்பத்தியாளரே பொறுப்பு என்கின்றன அவை; மறுசுழற்சி செய்வோரும் புதுப்பித்துத் தருவோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய அரசு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் டிராக்டரைத் தானே பழுதுபார்க்கும் உரிமையை உழவனுக்குச் சட்டமாக்கிக் கொடுத்தது. நாமும் கேட்போம்: விற்கும் நிறுவனம் உதிரி உறுப்பையும் பழுதுநீக்கும் குறிப்பையும் தரவேண்டும் என்று. வாங்கியவன் கையில் பொருள் மட்டும் போதாது. அதைத் திறக்கும் உரிமையும் வேண்டும்!

நம் கடமை என்ன?

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நெமிலிச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம். மகிழ்ச்சி! நம் பிள்ளைகள் அந்த மாடிகளில் ஏறவேண்டும். ஏறுவதற்கு முதற்படி எது? வீட்டிலோ படிப்பகத்திலோ உட்கார்ந்து பழக ஒரு பொறி. கைப்பேசியில் பார்க்கலாம், கணக்கேடு எழுதவும், நிரல் எழுதவும், வரைபடம் போடவும் விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும். அந்தப் பொறி 40,000 ரூபாய்க்குத்தான் கிடைக்கும் என்றால், தினக்கூலி பெறுபவர் மகள் கீழேயே நிற்பாள். பழைய பொறியைச் செப்பனிட்டுக் கொடுத்தால் அவளும் ஏறுவாள். இந்தச் சிறு ஸ்குரூ டிரைவர் வேலையில் அடங்கியிருக்கும் பெரிய பொருள் இதுதான்.

ஆகவே தோழர்களே, பகுதிதோறும் ஒன்று செய்யலாம். நிறுவனங்கள் சில ஆண்டுக்கொரு முறை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றுகின்றன. அவற்றைக் காயலாங்கடைக்கு முன்னே நாம் கேட்டு வாங்குவோம். ஐ.டி.ஐ. படித்த இளைஞர் இருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேசை போதும். மூன்று பழைய பெட்டியிலிருந்து நல்ல உறுப்புகளைச் சேர்த்தால் இரண்டு நல்ல பெட்டி எழுந்து நிற்கும். ஒன்று படிப்பகத்துக்கு, ஒன்று பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை வீட்டுக்கு. மிஞ்சியதைத் தெருவில் எரிக்காமல் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்போம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். எந்தப் பொறியையும் கொடுக்குமுன், விற்குமுன், அதிலுள்ள சேமிப்பை முழுதும் அழிக்க வேண்டும். அழி என்று பொத்தானை அமுக்கினால் அழிந்துவிடாது. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது அது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க் முழுவதிலும் சுழியை எழுதி நிரப்பும் மென்பொருள் உண்டு, எஸ்.எஸ்.டி.க்குத் தனிக் கட்டளை உண்டு. உறுப்பினர் பட்டியலும், வீட்டு முகவரியும், தொலைபேசி எண்ணும் அடங்கிய பெட்டியை அப்படியே எடைக்குப் போடுவது, நம்மை நம்பிப் பெயர் கொடுத்தவர்களைச் சந்தையில் ஏலம் விடுவதாகும். நம் கொடியின்கீழ் அந்தத் தவறு நடக்கக்கூடாது.

புதியது வேண்டாம் என்பது நம் கொள்கையன்று. புதியது வரட்டும், வளரட்டும்! ஆனால் பயன்தரும் பொருளை விற்பவன் சொல்லுக்கு அஞ்சி எறிவது பகுத்தறிவு ஆகாது. எது பழசு என்று தீர்மானிக்கும் அதிகாரம் உழைத்துச் சம்பாதித்து வாங்கியவனிடம் இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூலையில் கிடக்கும் அந்தப் பெட்டியின் தூசியைத் தட்டுங்கள். மூடியைக் கழற்றுங்கள். பலகையின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதைப் படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றதைச் சேர்ந்து செய்வோம்!